இடது பின்சக்கரம்

"அந்த ஜாக்கிய எறக்கிட்டு நாலு பேரு புடிச்சித் தூக்கி ஓரமா வெச்சா முடிஞ்சது. இதுக்கு இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு கீழ படுத்துக்கினு கீது?"

கோணிப்பையின் மேல் மல்லாந்து கிடந்த பிரவீனாவுக்குத் தாய்மாமன் தேவசகாயத்தின் குரல்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் காரின் அடிப்பகுதியும், அதற்கப்பால் வாசலுக்கு வந்து போகிற செருப்புக் கால்களும்தான்.

"தூக்க முடியாது மாமா. இந்தப் பக்கம் சக்கரமே இல்ல. பிரேக்கு கம்பியில தொங்கினு இருக்குது. அசைச்சா பிரேக் ஆயில் ஓஸ் அறுந்துடும்."

"சரி, ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு மெதுவா தள்ளலாம்ல?"

"இதுல ஹேண்ட் பிரேக்கு கெடையாது மாமா. பட்டன்தான்."

"பட்டனா? காரா, ஜாக்கெட்டா இது?"

யாரோ சிரித்து, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் அவளுடைய அப்பா ஜெபகுமார் படுத்திருந்தார். நேற்று மாலை இதே இடத்தில், கழற்றிய வலது பின்சக்கரத்தின் மேல் தலை சாய்த்துக் கிடந்தவரை எதிர்வீட்டு ஜான் பாஷா பார்த்துக் கூப்பிட்டபோது மணி ஆறேகால். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. மூன்று மணிக்குச் சவப்பெட்டி சர்ச்சில் இருக்க வேண்டும். கார் நின்ற சந்தோ அகலம் குறைவு. காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான்.

"பின்னாடி கக்கூஸ் சந்து வழியா எடுத்துடலாம்," என்று காலையில் மாமா சொன்னார். பிரவீனா எழுந்து போய் அப்பாவின் அழுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

அப்பாவின் அப்பாவை, ஊர்த் தெரு வழியே பிணத்தை விடாததால், வரப்பு வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். சேற்றில் ஒருவர் வழுக்கியதில் பாடை சாய்ந்ததாம். அதை அப்பா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டை வாங்க வந்த அன்று அவர் அறைகளைப் பார்க்கவில்லை. சந்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "போவும்," என்றார். எது போகும் என்று அம்மா கேட்கவே இல்லை.

பிரவீனா பகலில் உதிரிப்பாகக் கடையின் கவுண்டரில் நிற்பவள். மாலையில் ஏனாத்தூரில் வகுப்பு. இந்த மாதிரி பிரேக் பேடுகளை நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறாள், ஒன்றைக்கூட மாட்டியதில்லை. அப்பா முப்பது வருடம் பழைய வண்டிகளைப் பார்த்தவர். பட்டன் பிரேக் வைத்த வண்டி அவரிடம் ரிப்பேருக்கு வந்தது இதுவே முதல். பழைய வண்டி போல பேடை அழுத்தும் பிஸ்டனை நேராக அமுக்கினால் உள்ளே இருக்கும் மோட்டார் உடைந்துவிடும், முதலில் காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் செருகி மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். கடையிலிருந்து ஸ்கேனரையும் கொண்டுவந்து கொடுத்தாள். நேற்று ஐந்து மணிக்கு அப்பா போன் செய்தார்.

"சத்தம் வந்து நின்னுடுச்சி. அடுத்து இன்னா?"

"இனிமே நீங்க எப்பவும் பண்றதுதான் பா."

"சரி, வெய்."

அவ்வளவுதான் பேச்சு. குரல் எப்படி இருந்தது என்று இரவு முழுவதும் யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

புதுப் பேடுகள் இரண்டையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த பிரேக்கை மெதுவாக இறக்கிப் பொருத்தினாள். போல்ட்டை இறுக்கினாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள். ஜான் பாஷா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நட்டுகளை உள்ளங்கையில் ஏந்தி ஒவ்வொன்றாக நீட்டினார். தெருவில் தறிச் சத்தம் இல்லை. சாவுக்காக எல்லாரும் நிறுத்தியிருந்தார்கள். அதனால் வாசலில் அம்மா பேசுவது தெளிவாகக் கேட்டது. வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா அதையே சொன்னாள்.

"ஒரு செகண்டுதானாம்மா. டாக்டரே சொன்னாரு. வலியே தெரிஞ்சிருக்காதாம். மத்தியானம் நெஞ்சுல கேஸுன்னு ஒரு சோடா கேட்டாரு, குடிச்சாரு, போனாரு. வேல செய்யிறப்பவே, அப்படியே..."

சக்கரத்தை மாட்டிவிட்டுப் பிரவீனா உள்ளே உட்கார்ந்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்தாள். ஸ்கேனரில் வேலையை முடித்துப் பட்டனைத் தூக்கினாள். பின்னால் மோட்டார் முனகி நின்றது. பட்டனை அமுக்கினாள். விடுபட்டது. மணி ஒன்று நாற்பது.

"ஆச்சா? எட்த்துடு மா," என்றார் மாமா.

அவள் இறங்கி இடது பக்கம் போனாள். அது அப்பா முழுதாக முடித்த பக்கம். நட்டுகளில் சும்மா ஒருமுறை ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிடலாம் என்று குனிந்தாள். முதல் மூன்றும் அசையவில்லை. நான்காவது விரலுக்கே சுழன்றது. ஐந்தாவதும்.

ஜாக்கியை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினாள். கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். சக்கரம் உடனே நின்றுவிட்டது.

"இன்னாது, அவன் முட்ச்ச பக்கத்த ஏன் கயட்டுற?" மாமா பக்கத்தில் வந்து குந்தினார். "உங்கப்பன் போட்டத நீ செக்கு பண்றியா? எத்தினி வருஷத்துக் கை தெரியுமா அது?"

"நட்டு மட்டும் பாக்குறேன் மாமா. தண்ணி வேணும், ஒரு சொம்பு கொண்டாங்களேன்."

அவர் எழுந்து போனார். அவள் ஸ்கேனரை மறுபடி செருகி மோட்டாரைப் பின்வாங்க வைத்து, எல்லாவற்றையும் திறந்தாள். உள்பக்கப் பேடு திரும்பிக் கிடந்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை உரச வேண்டிய முகம் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இரும்பு முதுகு தட்டில் ஒட்டியிருந்தது.

தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில்கூட யாரும் செய்யாத தப்பு இது. மாட்டியதும் சக்கரத்தைச் சுழற்றிக் காது வைத்துக் கேட்காமல் அப்பா எழுந்ததே இல்லை.

அவள் அப்படியே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இதை மாட்டி, சக்கரத்தை ஏற்றி, மூன்று நட்டை இறுக்கி, இரண்டை முடியாமல் விட்டு, ஜாக்கியை அந்தப் பக்கம் நகர்த்தி, ஐந்து நட்டைக் கழற்றி, சக்கரத்தை இறக்கி, இரண்டு போல்ட்டையும் எடுத்து, ஓஸ் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகும்? வேகமாகச் செய்தாலே முக்கால் மணி. வேகமாகச் செய்திருக்க மாட்டார். வீட்டு வாசல் பத்தடியில் இருந்தது. வலியோடு அவ்வளவு நேரமும் யாரையும் கூப்பிடவில்லை.

"இன்னா மா, ஏதாச்சும் ஒடஞ்சிருக்குதா?" என்றார் ஜான் பாஷா.

"இல்ல பாய்."

பேடைத் திருப்பி வைத்தாள். ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து, சட்டையில் துடைத்து, சரியாகப் பொருத்தினாள். சுழற்றிப் பார்த்தபோது சக்கரம் லேசான சத்தத்தோடு நெடுநேரம் ஓடியது. ஐந்து நட்டையும் இறுக்கினாள். நான்காவதையும் ஐந்தாவதையும் மறுபடி பார்த்தாள்.

சொம்போடு வந்தது மாமா இல்லை, அம்மா. முகம் வீங்கியிருந்தது. கார் வரை வந்தவள் அதைத் தொடாமல், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஒயுங்கா பண்ணியிருந்தாரா மா?"

பிரவீனா தண்ணீரைக் குடித்தாள். சொம்பின் மேல் கறுப்பு விரல்கள் பதிந்தன.

"இந்தப் பக்கம் முழுசா முடிச்சிட்டாரு மா. நட்டு வரைக்கும். அந்தப் பக்கம் இப்பதான் ஆரம்பிச்சிருப்பாரு."

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது மா."

அம்மா தலையசைத்தாள். உள்ளே போகும்போது யாரிடமோ, "பாப்பாவும் அதான் சொல்லுது, நட்டு வரைக்கும் இறுக்கிட்டுத்தான்..." என்று சொல்வது கேட்டது.

பிரவீனா மறுபடி பெடலை மிதித்து, ஸ்கேனரில் வேலையை முடித்துவிட்டுக் காரை மெதுவாகச் சந்தை விட்டு வெளியே எடுத்தாள். பெரிய தெருவில் நாற்பதடி தள்ளி ஓரமாக நிறுத்திப் பட்டனைத் தூக்கினாள். மோட்டார் முனகி நின்றது. இறங்கி ஒரு கணம் காரையே பார்த்தாள். பிறகு சாக்கடை ஓரம் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

திரும்பியபோது பெட்டி சந்திலிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. நான்கு பேர் தோளில், சாயாமல், நட்டநடுவில். முன்னால் பாஸ்டரும், பின்னால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மாமாவும் நடந்தார்கள். இருபுறமும் வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். தெருவில் ஒதுங்கத் தேவையில்லாத அளவுக்கு இடம் இருந்தது. ஆனாலும் பிரவீனா கறுத்த கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.