யோதாமின் இருபதாம் வருஷம்

கச்சான் கடலைச் செடி பிடுங்கிய இடுப்பு நிமிர மறுத்தது. நாகேஸ்வரி வரப்பில் குந்தி, ஒரு கையை முதுகுக்கு முட்டுக்கொடுத்தபடி, தம்பி ராசு செடிகளை உதறுவதைப் பார்த்தாள். தர்மபுரத்து வெயில் அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. வாயும் ஓயவில்லை.

"என்னக்கா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கோ? யோதாம் ராசான்ர கணக்குச் சரிவந்திட்டுதோ?"

அவள் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று சொன்ன நாள் முதல், பிழை பிடிக்கவென்றே அவளுடைய வேதப் புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தான். யூதாவின் அரசன் யோதாம் ஆண்டது பதினாறு வருஷம் என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே, யோதாமின் இருபதாம் வருஷத்தில் வடக்கு அயல்நாட்டில் ஒருவன் அங்கிருந்த அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான் என்று இருக்கிறது. "செத்தாப்பிறகும் நாலு வருசம் ராசா கதிரையை விடேல்லையோ?" என்று கேட்டிருந்தான். போதகரைக் கேட்டாள். விசுவாசித்தால் போதும் என்றார். அவளுக்குப் போதவில்லை. கூலிக்குப் போய் வளர்ந்தவள். கணக்குப் பிசகிய இடத்தில் இரண்டாம் நாள் வேலைக்கு நின்றதில்லை. முழுக்கு வேண்டாமென்று அன்று பின்னேரமே போதகரிடம் போய்ச் சொல்லிவிடுவதாக இருந்தாள்.

பக்கத்துக் காணிக்குப் புதிதாக வந்த யோகநாதன் தண்ணீர்ப் போத்தலோடு வேலியடிக்கு வந்தார். "எத்தினை வருசமா இந்தக் காணி உம்மட கையில, தம்பி?"

"அஞ்சு," என்றான் ராசு.

"இவனுக்கு வாய் நீளம். ரெண்டுதான், அண்ணை," என்றாள் அவள். "அப்பா போய்ச் சேர்ந்து ரெண்டு வருசம்."

"அப்பா பாரிசவாதத்தில விழுந்ததில இருந்து ஆர் உழுதது? பேர்தான் அவற்ற. படுக்கையில கிடந்தவரோ எழும்பி வந்து உழுதவர்?" என்றான் ராசு.

"அப்ப ரெண்டு பேரும் சொல்லுறது சரிதானே," என்று சிரித்துவிட்டு யோகநாதன் போனார்.

நாகேஸ்வரி எழுந்து நின்றாள். யோதாமின் தகப்பனுக்குக் குஷ்டம் என்றும் அதே இடத்தில் படித்திருந்தாள். தனி வீட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அரசன் என்ற பெயர் கிழவனுக்கு. நாட்டைப் பார்த்தது மகன். பதினாறு என்ற இடத்தில் கிழவன் செத்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள், இருபது என்ற இடத்தில் கிழவன் நோயில் விழுந்த நாளிலிருந்து.

"ராசு, உன்ர யோதாமும் உன்னை மாதிரித்தானடா," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கையிலிருந்த செடியை உதறாமலே கேட்டான்.

"சரி, போய் முழுகு. தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகினா என்னட்ட வராதை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நெஞ்சில் கிடந்த மூட்டை இறங்கியிருந்தது. அவன் மறுபடி குனிந்தான். அப்பா படுக்கையில் கிடந்த அந்த மூன்று வருஷமும் அவள் வவுனியாவில், தையல் வேலையில். அவரைத் தூக்கிக் கழுவியதும் இவன்தான், உழுததும் இவன்தான். அவன் உதறிய மண் அவள் காலடிவரை தெறித்தது. அந்த மூன்று வருஷத்துக்கு அவள் அவனுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. அது இன்னும் நிலுவையில் கிடந்தது.