பூவுக்கு அடியில் இருந்த சோறு

எனக்கு அறுபத்தொன்பது வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பூசையில் மண்டியிட்டால் பீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. குருமடத்தில் இருந்த காலத்திலேயே என் அதிபர், "ஹியூபர்ட், உனக்கு வாய் இருக்கிற அளவுக்குக் காது இல்லை" என்பார். அப்போது சிரித்தேன். சின்னத்தாய் விஷயத்துக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

சின்னத்தாய் கோலாலம்பூருக்கு வடக்கே, கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவள். எட்டு வயதில் சேலத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தாள். பெர்னாட்டைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்றாள். செசிலி என்று பெயர் வைத்தது நான்தான். தலையில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் பழையபடி சின்னத்தாய் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெர்னாட் எனக்கு உபதேசியார். நான் குவாலா குபுவிலிருந்து மாதம் ஒரு தடவைதான் அந்தத் தோட்டத்துக்குப் போவேன். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லிக்கொடுத்தது அவன்.

ஐம்பதாம் வருடம் ஜூலையில், ஒரு வாரத்துக்கு யாரும் மரம் வெட்டக் கூடாது என்று காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் சொல்லி அனுப்பினார்கள். வெட்டாதவனுக்கு லயத்தில் இடமில்லை என்று துரை சொல்லி அனுப்பினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெர்னாட் விடியற்காலையில் வேலைக்குப் போனான். எட்டு மணிக்கு மரத்தடியில் சுட்டுப் போட்டிருந்தார்கள். சின்னத்தாய் கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டி அவன் பக்கத்தில் திறக்காமலே இருந்தது. சோறும் கருவாட்டுக் குழம்பும்.

அவனை அடக்கம் செய்தவன் நான். நல்ல பிரசங்கம் செய்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த நவம்பர், கல்லறைத் திருநாள். குழிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தேன். பெர்னாட்டின் சிலுவைக்கு முன்னால் வாழையிலையில் சோறு, அதன்மேல் கருவாட்டுக் குழம்பு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யார் வச்சது இது?"

"நான்தான் சாமி. அவரு அன்னிக்குப் பசியோட போயிட்டாரு."

"செத்தவனுக்குப் பசிக்குமா? ஞானஸ்நானம் வாங்கி எத்தனை வருஷமாச்சு? இன்னும் படையலா?"

"தப்புன்னா மன்னிச்சிருங்க சாமி. மனசு கேக்கல."

இலையைச் சுருட்டி வேலியோரம் வீசினேன். நாய் வந்து தின்றது. இனிமேல் வைக்க மாட்டேன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினேன். அன்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அடுத்த வருடம் லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. கேட்டில் காவல், அரிசிக்கு ரேஷன். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக் கூடாது. போனால் காட்டுக்காரர்களுக்குத்தான் போகிறது என்று சட்டம். வெள்ளைக்காரனுக்கு ரப்பர் பால் வேண்டும், காட்டுக்குள் இருந்தவர்களுக்கு அரிசி வேண்டும். இரண்டும் எங்கள் ஜனங்களின் கையிலிருந்துதான் போக வேண்டும் என்று இரண்டு பேரும் துப்பாக்கியோடு நின்றார்கள். விடுதலை என்று ஒருவர் சொன்னார், பாதுகாப்பு என்று மற்றவர் சொன்னார். நான் மரித்தோர் பூசை வைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டம் வேலிக்கு வெளியே போய்விட்டது. திருநாளன்று இரண்டு மணி நேரம் வெளியே விட அனுமதி வாங்கினேன். மெழுகுவத்தியும் பூவும் மட்டும் கொண்டுபோகலாம். கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் சின்னத்தாயின் பூக்கூடைக்குள் கையை விட்டாள். செவ்வந்திப் பூவுக்கு அடியில், வாழையிலைப் பொட்டலத்தில், சோறும் கருவாடும் இருந்தன.

மறுநாள் போலீஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இளம் வெள்ளைக்காரர், மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சின்னத்தாய் உள்ளே எங்கேயோ இருந்தாள், எனக்குக் காட்டவில்லை.

"கணவன் கல்லறைக்குக் கொண்டுபோன சோறு என்கிறாள். உங்கள் ஆட்கள் கல்லறையில் சோறு வைப்பார்களா, ஃபாதர்?" என்று கேட்டார்.

கேட்கும்போது அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. காட்டுமிராண்டிகளைப் பற்றிக் கேட்கிற சிரிப்பு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கத்தோலிக்கர்களிடம் அந்த வழக்கம் கிடையாது. திருச்சபை அதை அனுமதிப்பதில்லை."

அவர் எழுதிக்கொண்டார். "கல்லறைக்குத்தான் என்றால் பூவுக்கு அடியில் மறைப்பானேன் என்று கேட்டேன். சாமியாருக்குப் பயந்து மறைத்தேன் என்கிறாள்." இப்போது வாய்விட்டே சிரித்தார். "போலீஸைவிடச் சாமியாருக்கா பயம்?"

அப்போதாவது என் வாய் திறந்திருக்க வேண்டும். திருச்சபை போலீஸ் ஸ்டேஷனில் தலைகுனியக் கூடாது என்று நினைத்தேனோ, நான் குனியக் கூடாது என்று நினைத்தேனோ, தெரியாது. அவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தபோதுதான் புரிந்தது. அவர் கேட்டது என் ஜனங்களைப் பற்றி. நான் சொன்னது ஞானோபதேசப் புத்தகத்தைப் பற்றி. புத்தகத்தில் இல்லாததை என் ஜனங்கள் செய்கிறார்கள் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கையைக் கழுவிவிட்டு ஓடினேன். போன வருடம் அவள் வைத்ததை நானே பார்த்தேன், நானே எடுத்து எறிந்தேன், எனக்குப் பயந்துதான் மறைத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"காலையில் குருவாகப் பேசினீர்கள், ஃபாதர். இப்போது அவள்மேல் இரக்கப்பட்டுப் பேசுகிறீர்கள். புரிகிறது" என்றார். "காகிதம் மேலே போய்விட்டது."

மேலே போன காகிதம் கீழே வரவில்லை. பிஷப்புக்கு எழுதினேன், கோலாலம்பூரில் விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். நான் கையெழுத்துப் போட்ட முதல் வாக்குமூலத்தையே எனக்குப் பதிலாகக் காட்டினார்கள். ஏழு மாதம் தடுப்பு முகாம், பிறகு நாடு கடத்தல். புருஷனைக் கொன்றவர்களுக்கே அவள் சோறு கொண்டுபோனாள் என்று அந்தக் காகிதம் சொன்னது.

கப்பல் ஏறுகிற அன்று துறைமுகக் கொட்டகையில் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். மெலிந்துபோயிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றாள். லயத்து வாசலில் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"என்னாலதாம்மா உனக்கு இந்தக் கதி."

"நீங்க என்ன சாமி பண்ணுவீங்க? வேணாம்னு முன்னாலயே சொன்னீங்க. சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டு மீறினது நான்தானே. அதான் தண்டன."

"சேலத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்ல. ஊரு பேருகூட மறந்துபோச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சாமி. கல்லறைத் திருநாளுக்கு அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திருங்க. சோறு வேணாம். உங்களுக்குப் பாவம் வந்துரும்."

என் பாவத்துக்காக அவள் கவலைப்பட்டாள். நாற்பது வருடமாக நான் பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன். அப்படி ஒரு வார்த்தையை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. என்ன ஆசீர்வாதம் சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன், அது மட்டும் தெரியும்.

இந்த வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, பூசை முடிந்து தோட்டத்திலிருந்து ஊர்வலமாகக் கேட்டுக்கு வந்தோம். பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். வயதான வேலம்மாவின் வெற்றிலைப் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். என் முறை வந்தது. கையில் பூசைப் பெட்டி. காவலுக்கு நின்ற கார்த்திகேசு நெற்றியில் திருநீறு பூசிய பையன்.

"பெட்டியில என்னா சாமி?"

"பூசைச் சாமான்" என்றேன்.

"சாமி பெட்டிய எப்படி லா தொறக்கிறது? போங்க, போங்க."

ஒரு பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. அன்று அந்த அதிகாரி என்னிடம் பொய்கூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலே போதும்.

பெர்னாட்டின் குழியில் புல் முளைத்திருந்தது. மெழுகுவத்தி ஏற்றினேன். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து, பூசைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தேன். விடியற்காலையில் நானே சமைத்தது. சோறு குழைந்துவிட்டது. கருவாடு ஒரு பக்கம் கருகிவிட்டது. இலையைச் சிலுவைக்கு முன்னால் விரித்தேன். பின்னால் வேலம்மா மூக்கைச் சிந்தினாள்.

"பெர்னாட், சாப்பிடு" என்றேன். "சின்னத்தாய் கொடுத்தனுப்பினாள்."

அதுவும் பொய்தான்.