ஒரே துணியில் இரண்டு சட்டை

அக்காவின் சட்டையில் கடைசிப் பொத்தான் மூடவில்லை. எவ்வளவு இழுத்தும் வயிற்றருகே இரண்டு விரல் இடைவெளி அப்படியே நின்றது. சின்னவள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்து விட ஒரு நூல் துணிகூட மிச்சமில்லை. போன மாதமே பெரியவள் அதட்டி எல்லாவற்றையும் பிரித்து விட வைத்திருந்தாள்.

நாலு மணிக்கு அமரர் வண்டி வந்துவிடும். கோளரங்கத்தில் நட்சத்திரம் காட்டும்போது போடுகிற ஆரஞ்சுச் சட்டையில்தான் தன்னை அனுப்ப வேண்டும் என்று பெரியவள் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே உத்தரவு போட்டிருந்தாள்.

“முதுகுல கிழிச்சு விட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் அத்தான்.

“எனக்குத் தெரியுமே.”

இருவரும் இரட்டையர். ஏழு நிமிஷம் முந்திப் பிறந்தவள் பூசணி. தையல்காரியான இவள் குச்சி. சீருடைத் துணி வாங்கும்போதெல்லாம் பெரியவள் இரண்டு பேருக்கும் சேர்த்தே வாங்குவாள். “உள்ள நிறைய துணி விட்டுத் தைடி, நீயும் ஒருநாள் ஊதுவே,” என்பாள். சின்னவள் தைத்து, தன்னுடையதைப் போடாமலே பெட்டியில் வைத்துவிடுவாள். அக்கா தன்னைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைக்கிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தக் கோளரங்கத்தின் படியையே அவள் மிதிக்கவில்லை.

கோளரங்கத்தில் நட்சத்திரக் கருவியை இயக்குபவர் துக்கம் கேட்க வந்தார். அழுது சிவந்த கண்கள். இவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“மன்னிச்சுக்குங்கம்மா. தினம் நாலு காட்சி உங்களப் பத்திக் கேட்டவன்.”

“குச்சின்னு கேலி பண்ணியிருப்பா. அதானே?”

அவர் விவரமாகச் சொன்னார். ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுவாளாம். எல்லாம் ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவை. பெரிதாய்ப் பிறந்தது மட்டும் அவசரமாய் எரிந்து, ஊதிப்போய், ஆரஞ்சாகி, முதலில் கிழடாகிவிட்டது என்பாளாம். தன் சட்டையைத் தட்டி, அது நான்தான் என்பாளாம். கூட்டம் சிரிக்குமாம்.

“அப்புறம் பக்கத்துல ஒரு குட்டி நட்சத்திரத்தைக் காட்டுவாங்க. ‘இது என் குச்சி. சிக்கனமா எரியறவ. நான் போனப்புறமும் ரொம்ப நாள் இருப்பா, பாத்துக்கிட்டே இருங்க’ன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறந்தான் நான் விளக்கப் போடணும்.”

சின்னவள் பெட்டியைத் திறந்து தன் சட்டையை எடுத்தாள். உள்ளே தாராளமாய் விட்டிருந்த துணியை நறுக்கி, பெரியவளின் சட்டையில் பக்கவாட்டில் பட்டையாகக் கொடுத்துத் தைத்தாள். பொத்தான் வழுக்கிக்கொண்டு மூடியது.

“அப்பாடா, இனிமே நல்லா மூச்சு விடுவா,” என்ற அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தவள் சின்னவள்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது.

வண்டி வந்தது. வெளுத்த ஆரஞ்சு முன்னால் போயிற்று. பளிச்சென்ற ஆரஞ்சு ஒன்று, பெட்டியில் கிடந்த மடிப்புக் கலையாமல், பின்னால் நடந்தது.