காருக்கு முன்னால் நடந்தவள்

1

இந்தக் கதை வாகன நெரிசலில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மார்ல்பிரிட்ஜ் பாலத்தில் என் கார் அசையாமல் நிற்க, கூடையோடு ஒரு பெண்மணி நடந்தே என்னை முந்திப் போனாள். உடனே ஹெப்சிபா நினைவுக்கு வந்தாள். இல்லாதவள் எப்படி நினைவுக்கு வருவாள் என்று கேட்காதீர்கள். வந்தாள்.

முதல் வரி இப்படி இருந்தது: "1895 வசந்தத்தில், புகையும் முழக்கமுமாக, ஒரு மகத்தான கண்டுபிடிப்பாளன்—"

அடித்துவிட்டேன். ஆம்ப்ரோஸ் டன்க்லி மகத்தானவன் இல்லை. தையல் மிஷின் பழுதுபார்ப்பவன். கொட்டகையில் தன் கையாலேயே ஒரு மோட்டார் வண்டி செய்தவன்.

2

அப்போதைய ஆங்கிலேயச் சட்டப்படி மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும். ஆம்ப்ரோஸுக்கு அந்த ஆள் அவன் மனைவி ஹெப்சிபா. கையில் சிவப்புக் கொடி. (கொடி கட்டாயமில்லை என்று அதற்கு முன்பே தளர்த்திவிட்டார்களாம். எனக்குக் கொடி பிடித்திருக்கிறது, விடமாட்டேன்.)

சனிக்கிழமை பிற்பகல்களில் பாலம் தாண்டிப் போவார்கள். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் அவன் கத்துவான். அவள் திரும்பாமலே பதில் கத்துவாள். உப்புக் கூடிப்போன ஆட்டிறைச்சி பற்றிய பேச்சு வரை எல்லாம் ஊருக்கே கேட்கும். எதிரே குதிரை மிரண்டால் அவள்தான் ஓடிப்போய்த் தட்டிக்கொடுப்பாள். அந்த நடைவேகத்துக்கு நான் ஏங்குகிறேன். பிறந்திராத காலத்துக்கு ஏங்குவது அபத்தம்தான், இருந்தாலும் ஏங்குகிறேன்.

3

1896 நவம்பரில் சட்டம் மாறியது. இனி யாரும் முன்னால் நடக்க வேண்டாம். ஹெப்சிபா காற்றில் பறக்காதபடி தொப்பியைத் தாடையோடு கட்டிக்கொண்டு, வண்டியருகே வந்து நின்றாள். வண்டியில் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. முன்னால் நடப்பவளுக்கு இருக்கை எதற்கு என்று அவன் போடவே இல்லை.

"நான் எங்க உக்கார்றது, ஆம்ப்ரோஸ்?"

"தோணவே இல்ல, ஹெப்சி. நீ முன்னாடிதானே இருப்பே."

"ஒன்றரை வருஷமா என் முதுகையே பார்த்துக்கிட்டு வந்தியே. இவளுக்குக் கால் வலிக்குமேன்னு ஒரு தடவைகூடவா தோணல?"

4

மறுநாளே பலகை அடித்து இன்னோர் இருக்கை போட்டான் என்று எழுதிப் பார்த்தேன். அவள் கேட்டதற்குப் பலகை பதில் இல்லை. அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனாள் என்று எழுதினேன், எனக்கே தாங்கவில்லை. அவளை ஏற்றிவிட்டு, அவன் கொடியோடு முன்னால் நட—

இது ரொம்ப அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகப்படுகிறேன்.

அவன் இறங்கிவிட்டான். அதுவரை எனக்கு நிச்சயம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, இருக்கை காலியாக இருக்கிறது. அவளைக் கேட்காமலே அவளுடைய இடத்தை முடிவு செய்தது அவன் செய்த தவறு. அதையே நானும் செய்ய மாட்டேன். நீங்கள் அவளைக் கேளுங்கள்.