குரல் மட்டும் போதும்

"குரல் மட்டும் போதும் அண்ணி, முகம் வேண்டாம்" என்று கொழுந்தன் கைபேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். கதவருகே நின்றிருந்த கணவன் அதற்குத்தான் காத்திருந்தவன்போல நகர்ந்து போனான். அக்கம்பக்கத்தில் கேட்காமல் பேசு என்று மாமியார் உள்ளேயிருந்து சொன்னாள்.

அவள் தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது; யாரோடும் இன்னும் பேசிப் பழகவில்லை. அங்கே ஒரு வரிசைக்கு ஒரே ஒரு டோக்கன். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் மேசையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் வில்லையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்தே பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தார்கள். சாப்பாடு பரிமாறும்போது அவள் வாய்தவறிச் சொன்ன இந்தச் சங்கதி, இணையத்தில் சமூக சேவைப் பக்கம் நடத்திவந்த கொழுந்தனைச் சட்டென நிமிர்ந்து உட்காரவைத்தது.

வெறும் சுவரைக் காட்டிய அந்தக் காணொளி கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. வேறு ஆலைப் பெண்கள் தங்கள் கதையைப் பேசி அனுப்பினார்கள். மாணவர்கள் பதாகை பிடித்தார்கள். 'டோக்கன் வேண்டாம்' என்பது ஓர் இயக்கமாகவே ஆனது. கொழுந்தனுக்கு மேடைக்கு மேடை நாற்காலி கிடைத்தது.

அவளுக்கோ ஆலையில் வேறு வினை. குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று வாயைத் திறப்பதையே நிறுத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டதாக முதலில் சைகை காட்டினாள். பிறகு அதையும் விட்டாள். 'உம்மணாமூஞ்சி' என்று பெயர் வைத்தார்கள். மதிய இடைவேளையில் எல்லோரும் ஒரு கைபேசியைச் சுற்றிக் குனிந்து அவள் குரலைக் கேட்பார்கள். அவள் எட்டத்தில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள்.

பக்கத்து மெஷின்காரி மாசமாக இருந்தவள். அவள்தான் ஒருநாள் இரக்கப்பட்டுக் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். "நீயும் கேளு. இந்த அக்கா மாதிரி ஒருத்தி நம்மகூட இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்." இவள் டப்பாவை மூடிவைத்தாள்.

அன்று வீட்டில் கேட்டுப் பார்த்தாள், முகத்தைக் காட்டினால்தான் என்ன என்று. கணவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கொழுந்தன்தான் பதமாக எடுத்துச் சொன்னான். "மத்தவங்க முகத்தைக் காட்டிப் பேசட்டும் அண்ணி. நம்ம வீட்டுப் பொம்பளையைக் கண்டவனும் பார்த்து கமென்ட் போடணுமா?"

அதற்குப் பிறகு ஒரு காலையில் டோக்கன் எங்கோ தொலைந்துபோனது. கிடைத்தால்தான் யாரையும் விடுவேன் என்றார் மேற்பார்வையாளர். பக்கத்து மெஷின்காரி இரண்டு தடவை போய்க் கேட்டாள். பிறகு திரும்பி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷின்மேல் தலையைச் சாய்த்தாள்.

அதைப் பார்த்தவள் தன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"டோக்கன் கிடக்கட்டும் சார். இவ இப்பப் போவா. நான் கூட்டிட்டுப் போறேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தக் குரல் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மாசமானவள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீதானா? இத்தனை நாளும் பக்கத்துலயே இருந்துகிட்டு, ஒரு வார்த்தை பேசலையே."

அவள் மாசமானவளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு நடந்தாள். வரிசை முழுதும் பின்னால் வந்தது. யாரோ அதைப் படமெடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அவள் முகம் ஊர் முழுக்கப் போய்விட்டது. டோக்கனை எடுத்துவிடுகிறோம் என்று நிர்வாகமும் இறங்கிவந்தது.

வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூவரும் முன்பே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்ததைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். கைபேசியைத் திறந்தால், ஊரெல்லாம் பகிர்ந்த அந்தக் காணொளி கொழுந்தனின் இணையப் பக்கத்தில் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக ஓர் அழைப்பு இருந்தது: 'பெண்களே, பயத்தை விடுங்கள். வெளியே வந்து பேசுங்கள்.'

அதன் கீழே, முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரில், 'வந்துட்டேன்' என்று எழுதினாள்.

பக்கத்து அறையில் கொழுந்தன் தொண்டையைச் செருமினான். கொஞ்ச நேரத்தில் அந்த வார்த்தை காணாமல் போனது.

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மறுபடியும் எழுதினாள்.