இடவலம் மாறி வந்தவர்

அந்த மொட்டைமாடியிலிருந்து தொலைநோக்கியில் பார்க்கப்பட்ட பொருட்கள் கிட்டத்தில் தெரிந்ததோடு நிற்கவில்லை, கிட்டத்திலேயே வந்துவிட்டன. முதலில் வந்தது மணிக்கூண்டு. ஊரின் மறுகோடியில் நின்றிருந்த அது சாயங்காலத்துக்குச் சாயங்காலம் நகர்ந்து, கடைசியில் பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. அதன் ஓரங்களில் மெல்லிய ஊதா நிறம் ஒட்டியிருந்தது. முட்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றின, எண்கள் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தன. மணி மட்டும் சரியாக அடித்தது. நகரசபையிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, அஸ்திவாரம் உறுதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு நிழல் கிடைத்ததால் யாரும் புகார் கொடுக்கவில்லை.

பார்த்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று கயிற்றையும் சக்கரத்தையும் அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது, அண்ணாந்து பார்ப்பதுதான் விதி என்றால் வானத்தையாவது பார்த்துவிடலாம் என்று தொலைநோக்கி வாங்கக் கிளம்பினார். மனைவியும் கூடப் போனாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், எதையும் நேராக வைத்துப் பார்த்துப் பழகியவள். கடைக்காரர் நீளக் குழாய் ஒன்றையும் குட்டைக் குழாய் ஒன்றையும் எடுத்து வைத்தார். குட்டையின் பெட்டியில் அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"பெட்டியில போட்டிருக்கறத நம்பாதீங்க சார். முன்னாடி லென்ஸ் எவ்வளவு அகலம், அது நிக்கற கால் ஆடுதா, இந்த ரெண்டையும் பாருங்க. குட்டையில பளிச்சுன்னு இருக்கற எதைப் பாத்தாலும் ஓரத்துல ஊதா தெரியும்" என்றார் கடைக்காரர்.

மனைவிக்கு நீளமானதுதான் பிடித்தது. ஆனால் அது அவர்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் நுழையாது. லிஃப்டுக்குள் நுழையாத ஒரு பொருளை வாங்குவது தன் தொழிலுக்கே கேவலம் என்று நினைத்த மெக்கானிக், குட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சாய்ந்த கண்ணாடி உண்டு. அதைக் கழற்றினால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், மாட்டினால் நிமிர்ந்து தெரியும், ஆனால் இடது வலதாகிவிடும். அவர் மாட்டியே பார்த்தார்.

மணிக்கூண்டோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர் நிலாவைப் பிடித்துக்கொண்டார். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பொழுது சாயும் முன்பே மாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். நிலா முதலில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்தது, பிறகு தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிதானது. எதிர்வீட்டுக்காரர்கள் துணி காயப்போட வெளிச்சமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் நிலா வந்தால் கடல் சும்மா இருக்குமா? துறைமுகத்தைத் தாண்டித் தண்ணீர் தெருவுக்குள் நுழைந்தது. மனைவி கெஞ்சினாள், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். "ஒரே ஒரு பள்ளம்தான் பாக்கி, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு விட்டுடறேன்" என்றார் அவர். குடிகாரர்கள் சொல்லும் கடைசி கிளாஸ் கதைதான் அது.

அந்த வாரம் அவருடைய அக்கா இடுப்பெலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நிலையில், ஆஸ்பத்திரியின் தரைத்தள வார்டில் படுத்திருந்தார். சாயங்காலம் கடல் வாசற்படியைத் தாண்டியது. லிஃப்ட் குழி நிரம்பி லிஃப்ட் நின்றுபோனது. படுக்கையோடு இருப்பவர்களை மேலே கொண்டுபோக வேறு வழி கிடையாது. அந்த லிஃப்டைச் சரிசெய்ய வேண்டியவர் மொட்டைமாடியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், போனை எடுக்கவில்லை. மனைவி முழங்கால் தண்ணீரில் வீட்டை நோக்கி ஓடினாள். அவள் கிளம்பும்போது தண்ணீர் நாத்தனாரின் கட்டில் சட்டத்தைத் தொட்டிருந்தது.

அவள் நேராக மாடி ஏறினாள். சாய்ந்த கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், குழாயைத் திருப்பி, சின்ன முனையை நிலாவுக்கு நேராக வைத்து, அகலமான லென்ஸில் கண்ணை வைத்தாள். நிலா கடுகளவுக்குச் சுருங்கியது. அவர் பாய்ந்து வந்து குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"நகருங்க! அக்கா தண்ணில கெடக்கறாங்க!"

"நீ கண்ண எடு மொதல்ல!"

அவள் எடுக்கமாட்டாளா என்று அவர் நின்றார். அவர் நகரமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். நிலாவோடு சேர்ந்து அவரும் சின்னதாகிக்கொண்டே போனது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் இறங்கிவிட்டது என்று கீழே யாரோ கத்திய பிறகுதான் நிமிர்ந்தாள். நிலா பழைய இடத்தில் இருந்தது. அதன் கறை அன்றுமுதல் இடவலம் மாறித்தான் இருக்கிறது, அதை யாரும் கவனித்ததில்லை. மாடியில் அவர் இல்லை.

மறுநாள் போன் வந்தது. ஊருக்கு வெளியே, கண்ணுக்கு எட்டும் கடைசி மலையின் உச்சியில், செல்போன் கோபுரத்தின் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார். பஸ் பிடித்து வரச் சொன்னாள். "ஏறி உக்காந்தேன். பஸ் ஊருக்கு வந்துடுச்சு, நான் வரல" என்றார். நடந்தாலும் அப்படித்தான், கால் வலித்ததே தவிரத் தூரம் குறையவில்லை. பிறகு அவர் கேட்டார்.

"நான் குறுக்க நிக்கறது உனக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுது" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் குட்டைக் குழாயைக் கொடுத்து நீளத்தை மாற்றிக்கொண்டு வந்தாள். கடல் வந்ததிலிருந்து கட்டடத்து லிஃப்டும் ஓடவில்லை, படிப்படியாகத் தோளில் தூக்கி ஏற்றினாள். கடைக்காரர் சொன்னபடி எல்லாம் செய்தாள். அதன் மேலே குறிபார்க்க இருக்கும் சின்னக் குழாயைப் பகலிலேயே தூரத்துக் கம்பத்தைப் பார்த்து நேர்செய்தாள். மூன்று காலும் ஆடாமலிருக்க அவற்றின் நடுவில் செங்கல் பையைத் தொங்கவிட்டாள். அதிகம் பெரிதாக்காத லென்ஸில் முதலில் மலையைத் தேடிப் பிடித்தாள். ஆனால் அங்கே அவர் இல்லை, கோபித்துக்கொண்டு மறைவில் ஒதுங்கிவிட்டார்போலும். வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் முள்புதர் ஒன்று கிளம்பி வந்து பால்பூத் வாசலில் தலைகீழாக நின்றது. இன்னும் பார்த்தால் மலையே ஊர்மேல் வந்து உட்காரும். பார்க்காவிட்டால் அவர் வந்து நின்றாலும் தெரியாது. எட்டிப் பார்ப்பதும் கண்ணை எடுப்பதுமாக அவள் சாயங்காலங்கள் கழிந்தன. 

வாக்கரை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாத்தனார், படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறி, அவளிடம் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், நான் உசுரோட இருக்கேன்டா. அவ கண்ண எடுக்காததாலதான் இருக்கேன். கோவிச்சுக்கறதா இருந்தா என்கிட்ட வந்து கோவிச்சுக்கோ. வந்து லிஃப்டைச் சரி பண்ணு, இந்தப் படியில இன்னொரு தடவை ஏற என்னால முடியாது."

அன்று பொழுது சாயும்போது கோபுரத்தின் பக்கத்தில் ஒரு டார்ச் எரிந்தது.

அவரைக் கொண்டுவர ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயின. அனுப்பியதில் அவர் புரளவில்லை, வரும்போதுதான் எதுவும் புரளும் என்பது முள்புதரைப் பார்த்தே தெரிந்திருந்ததால், எப்படி வர விருப்பம் என்று அவள் முதலிலேயே கேட்டுவிட்டாள். "தலைகீழா வேணாம். இடவலம் மாறினா சமாளிச்சுக்கலாம்" என்றார். நீளக் குழாயிலும் சாய்ந்த கண்ணாடி ஒன்றை மாட்டினாள். மலைச்சரிவு, செங்கல் சூளை, பாலம், பெட்ரோல் பங்க் என்று அவர் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் கிட்டே வந்தார். தெருக்காரர்கள் காய்கறி விலையைப் போல அதையும் விசாரித்துக்கொண்டார்கள், பாலம் தாண்டியாச்சா என்று. ஒருநாள் குழாயில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் எதிரிலேயே நின்றிருந்தார். ஓரத்தில் ஊதா இல்லை. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. அவள் அழுதுவிட்டாள். அவரும்தான்.

மறுநாளே லிஃப்டைச் சரிசெய்தார், இடது கையால். செய்தித்தாளைக் கண்ணாடியில் காட்டிப் படித்தார். மணி பார்க்க மட்டும் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார், அந்த மணிக்கூண்டு அவருக்குச் சரியாகத் தெரிந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஒரு எக்ஸ்ரே எடுத்தாள். இதயம் வலப்பக்கம் இருந்தது. ஃபிலிம் திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தாள், திரும்பவில்லை. மற்றபடி எல்லாம் நன்றாக இருந்ததால் டாக்டரிடம் காட்டவில்லை. அன்று இரவு படுக்கும்போது தன் தலையணையை எடுத்துக் கட்டிலின் மறுபக்கம் போட்டுக்கொண்டாள்.