ஆறாத கிழங்குத் துண்டு

ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஐரிஷ் மதுச்சாலையில், பொரித்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று பத்தாவது வருடமாக ஆறாமல் இருக்கிறது. விரல் நீளம், ஒரு முனை கொஞ்சம் கருகல். ஜன்னலோர மேசையில், கண்ணாடி மூடியின் கீழ், வெள்ளைத் தட்டில் ஆவி பறக்கக் கிடக்கிறது. உணவுப் பரிசோதகர்கள் ஒருமுறை வந்து வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். சூடான உணவு எவ்வளவு சூட்டில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அதற்கு மேலேயே இருந்தபடியால், குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மாரிக் குளிரில் வாடிக்கையாளர்கள் ஈரக் கையுறைகளை அந்த மூடியின்மேல் காயப்போடுவார்கள்.

கிழங்கு சோதிலிங்கத்துடையது என்று சிலர் சொல்வார்கள். இரவீந்திரனுடையது என்று வேறு சிலர். இருவருக்கும் பாதிப் பாதி என்பதே சரி. வடக்கு நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் இருவருக்கும் ஒரே அறை, அறையில் ஒரே தட்டு. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, கலியாணம் கட்டி, சோதிலிங்கம் ஹவுகெட்டோவிலும் இரவீந்திரன் புருசெத்திலும் வீடு வாங்கி, அலுமாரி நிறையத் தட்டுகள் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை இருவருக்கும் மச்சம் மாமிசம் ஆகாது. ஆகவே வியாழக்கிழமை, வேலை முடிந்த கையோடு, இந்த மதுச்சாலை. ஆளுக்கொரு கறுப்புப் பியர், நடுவே ஒரே ஒரு தட்டில் பொரித்த மீனும் கிழங்கும். “வருசக்கணக்கா மீன் வெட்டின ஆக்கள், இப்ப காசு குடுத்து மீன் தின்னப் போகினம்,” என்று சோதிலிங்கத்தின் மனைவி உதயகுமாரி சிரிப்பாள்.

சோதிலிங்கம் சாப்பாட்டு விஷயத்தில் மரியாதை தெரிந்தவர். மரியாதை என்றால், வேண்டியதை வேண்டாம் என்று சொல்வது. கடைசித் துண்டை எடு என்று ஒருவன் முதல்தரம் கேட்பது வழமைக்கு. அதற்கு வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாம் தரம் கேட்டால் அது அன்பு, அப்போதும் வேண்டாம்தான். மூன்றாம் தரமும் கேட்டால், “நீ விடமாட்டாய்” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சந்தோசமாக எடுத்துவிடலாம். இரவீந்திரனும் காலமெல்லாம் அப்படித்தான் கேட்டுவந்தார். ஆனால் இந்தக் கிழங்கு பொரிந்த வருடம் அவர் களஞ்சியமொன்றில் பகுதித் தலைவராகி, கிழமை முழுக்க நோர்வேக்காரரோடு கூட்டங்களில் இருந்தார். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால், உனக்கென்ன காது கேட்காதா என்பதுபோலப் பார்ப்பார்கள். இரவீந்திரனும் கேட்பதை விட்டுவிட்டார்.

அப்படி ஒரு வியாழக்கிழமை தட்டில் ஒரு துண்டு மிஞ்சியது.

“எடன் மச்சான்,” என்றார் இரவீந்திரன்.

“சீ, வேண்டாம். வயிறு முட்டீட்டுது,” என்றார் சோதிலிங்கம். முட்டவில்லை.

“சரி,” என்று சொல்லிவிட்டு இரவீந்திரன் ஜாக்கெட்டை மாட்டினார்.

சோதிலிங்கம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், “ஒருக்காத்தான் கேட்டவன்,” என்றார். முழுக் கதையையும் கேட்ட உதயகுமாரி, “ஒரு துண்டுக் கிழங்குக்கோ இந்த மூஞ்சி? வேணுமெண்டால் எடுத்திருக்கலாமே,” என்றாள். “எனக்குக் கிழங்கு வேண்டாம். அவன் கேக்கவேணும்,” என்றார் அவர்.

மறுநாள் காலை மதுச்சாலைக்காரர் டெக்லன் தட்டை எடுக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டார். துண்டைக் குப்பையில் போட்டார். குப்பைப் பை உருகியது. தன் ஐரிஷ் ஊரில் இதைவிடப் பெரிய விஷயமெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி, அதைத் திரும்பத் தட்டில் வைத்து மூடினார். தமிழ்ச் சனமும் பார்க்க வந்தது. திராமனில் இருந்து வந்த ஒரு அம்மா திருநீறு பூசலாமா என்று கேட்டார். சென்னையில் இருந்து வந்த பொறியாளர் ஒருவர் எல்லாம் மாச்சத்தின் வேலை என்று விளக்கி, பக்கத்து மேசையில் ஒரு தட்டுக் கிழங்கு வாங்கினார். அது ஐந்து நிமிடத்தில் ஆறிப்போனது.

அடுத்த வியாழன் சோதிலிங்கம் போகவில்லை. இரவீந்திரன் போன் எடுத்துக் கேட்டார்; வேலை கூட, நேரமில்லை என்றார் இவர்; சரி என்றார் அவர். பிறகு தன் மகளின் கலியாணத்துக்கு அழைத்தார். பார்ப்பம் என்றார் இவர். பார்ப்பம் என்று சொன்னவனை இன்னொருதரம் அழைக்கவேண்டும் என்று தெரியாத ஆளா அவர்! அழைக்கவில்லை. கலியாணத்தன்று சோதிலிங்கம் தன் வீட்டு வாசல் பனியை வழித்து, ஆத்திரம் அடங்காமல் பக்கத்து வீட்டுப் பனியையும் வழித்தார். கோயிலில் இருவரும் ஒரே தூணின் இரண்டு பக்கமும் நின்று கும்பிட்டார்கள். சோதிலிங்கத்துக்கு வேறு சிநேகிதர் வாய்க்கவில்லை. ஐம்பது தாண்டினால் அது லேசில் வாய்க்காது. வியாழக்கிழமைகளில் ஒருவருக்கும் சொல்லாமல் அந்தத் தெருவால் போய், மதுச்சாலை ஜன்னலில் ஆவி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். படிந்திருந்தால் அன்றைக்கு நித்திரை வரும். இப்படியே ஒன்பது வருடம்.

போன நவம்பரில் ஒரு வியாழன், கண்ணாடி பளிச்சென்று தெளிந்திருந்தது. சோதிலிங்கம் உள்ளே ஓடினார். இரண்டு கிழமையாகவே சூடு குறைகிறது, இனி அதிகம் தாங்காது என்று டெக்லன் துக்கவீட்டுக் குரலில் சொன்னார். மூடியைத் தூக்கித் தொட்டுப் பார்த்தார் சோதிலிங்கம். குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் பாலின் சூடுதான் இருந்தது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று போனை எடுத்தார். நம்பர் மனப்பாடம்.

“கிழங்கு ஆறுது,” என்றார்.

“வாறன்,” என்றார் இரவீந்திரன்.

வேலைத்தள ஜாக்கெட்டோடு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சுகம்கூட விசாரிக்காமல் எதிரே உட்கார்ந்து, “எடன் மச்சான்,” என்றார்.

இது முதலாம் தரமா, பழையதையும் சேர்த்து இரண்டாம் தரமா என்று சோதிலிங்கம் யோசித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, “வேண்டாம்,” என்றார்.

இரவீந்திரனின் வாயில் ‘சரி’ வந்து நின்றது. அதை விழுங்கினார். “எடடா, எனக்காக.” தட்டில் நூல்போல ஆவி எழும்பியது.

“வேண்டாம் எண்டனெல்லே.”

“பேயா, அண்டைக்கே திரும்பக் கேட்டிருக்கவேணும். என்ரை பிழைதான். எடு!” இரவீந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் முழுக்க வெண்மையாக ஆவி படிந்தது. டெக்லன் வெக்கை தாங்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

சோதிலிங்கம் துண்டை எடுத்து, ஊதி ஊதி வாய்வரை கொண்டுபோனார். தின்றுவிட்டால் இந்தக் கதை முடிந்துவிடும் என்று அப்போது தோன்றியது. திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

“இண்டைக்கு வயிறு முட்டீட்டுது, மச்சான். வாற வியாழன் எடுக்கிறன்.”

“கட்டாயம் வருவியோ?” என்று கேட்டார் இரவீந்திரன்.

“பார்ப்பம்.”

“வருவியோடா?”

“வேலை கூட.”

“எட, வருவியோ மாட்டியோ?”

“நீ விடமாட்டாய்,” என்று முகத்தைச் சுளித்தார் சோதிலிங்கம். “வாறன்.”

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் இருவரும் அங்கே இருப்பார்கள். கடைசித் துண்டு இன்னும் எடுபடவில்லை. அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம், தொடவேண்டாம், சுடும்.